ஹேவ், ஹேட், வில் ஹேவ்: எந்த அறிகுறிக்கு எந்தத் திருத்தம்?

ஆங்கிலத்தின் பெர்ஃபெக்ட் காலங்களில், அதாவது ஹேவ், ஹேட், வில் ஹேவ் சேர்ந்து வரும் வினை வடிவங்களில், தடுமாறுகிறவர்கள் இலக்கணம் படிக்காதவர்கள் அல்லர். ஹேவ், ஹேஸ், ஹேட் மூன்றுக்கும் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். ‘ஹேவ் வென்ட்’ என்று எழுதும் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டார்கள். ஆனாலும் ஒரு மின்னஞ்சலை எழுதி முடித்ததும் சந்தேகம் வந்துவிடுகிறது. இங்கே ‘சென்ட்’ போதுமா, ‘ஹேவ் சென்ட்’ வேண்டுமா, ‘ஹேட் சென்ட்’ என்றால் இன்னும் மரியாதையாக இருக்குமா? பலர் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் அதுதான் தவறு.

கீழே ஒவ்வொரு கோளாற்றையும் அது வாக்கியத்தில் வெளியே தெரியும் விதத்தைக் கொண்டு பிரித்திருக்கிறேன். உங்கள் வாக்கியம் எதைப் போல இருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் காது பிடித்துக்கொள்ளும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

காலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி “இது எப்போது நடந்தது?” என்பது. பெர்ஃபெக்டைப் பொறுத்தவரை அது பாதிக் கேள்விதான். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைஹன்பாக் 1947இல் இதைத் தெளிவாக்கினார். ஒரு வினைக்குள் மூன்று நேரங்கள் இருக்கின்றன என்றார் அவர்: நிகழ்ச்சி நடந்த நேரம், நாம் பேசுகிற நேரம், நாம் எங்கே நின்றுகொண்டு நிகழ்ச்சியைப் பார்க்கிறோமோ அந்த நேரம். மூன்றாவதுதான் இங்கே முக்கியம். அதை ‘நிற்குமிடம்’ என்று வைத்துக்கொள்வோம்.

நிகழ்ச்சி நடந்த அந்த நேரத்திலேயே நின்று பார்த்தால் சிம்பிள் பாஸ்ட்: ‘ஐ லாஸ்ட் மை கீ’. இன்றைக்கு இங்கே நின்றுகொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தால் பிரசன்ட் பெர்ஃபெக்ட்: ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’. சாவி தொலைந்தது ஒரே நிமிடத்தில்தான். முதல் வாக்கியம் அந்த நிமிடத்தைச் சொல்கிறது. சாவி பிறகு கிடைத்ததா என்பது அதில் இல்லை. இரண்டாவது, நான் இப்போது பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்கிறது. கடந்த காலத்தில் ஒரு புள்ளியில் நின்றுகொண்டு அதற்கும் முன்னால் நடந்ததைப் பார்த்தால் பாஸ்ட் பெர்ஃபெக்ட். வருங்காலத்தில் ஒரு புள்ளிக்குப் போய் நின்றுகொண்டு, அதற்குள் முடிந்துவிட்டதைத் திரும்பிப் பார்த்தால் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட்.

தமிழில் இதே வேலையைச் செய்ய ‘இரு’ இருக்கிறது: செய்திருக்கிறேன், செய்திருந்தேன், செய்திருப்பேன். பார்த்தால் ஆங்கிலத்தின் மூன்று பெர்ஃபெக்டுகளுக்கும் அச்சு அசலாகப் பொருந்துவது போலிருக்கும். முக்கால் பங்கு பொருந்தவும் செய்கிறது. மிச்சமிருக்கும் கால் பங்கில்தான் கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன. பெர்ஃபெக்டே இல்லாத மொழியிலிருந்து வருகிறவர் எச்சரிக்கையாக இருப்பார். நாம் நம் வடிவத்தை நம்பி அப்படியே கடத்திவிடுகிறோம்.

அறிகுறி: ‘ஹேவ்’ இருக்கும் வாக்கியத்தில் தேதியோ ‘யெஸ்டர்டே’யோ இருக்கிறது

‘ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே.’

“நேற்றே அனுப்பியிருக்கிறேனே” என்பதில் தமிழ்க் காதுக்கு எந்தக் குறையும் தெரியாது. தமிழில் ‘இருக்கிறேன்’ இன்றைய விளைவைச் சொல்லும். ‘நேற்று’ செயல் நடந்த நாளைச் சொல்லும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் குடியிருக்கும். ஆங்கிலம் அதை அனுமதிப்பதில்லை. ‘ஹேவ்’ என்றதும் நிற்குமிடம் இன்று என்று முடிவாகிவிடுகிறது. ‘யெஸ்டர்டே’ உடனே நம்மை நேற்றுக்கு இழுக்கிறது. மொழியியலில் இதற்கு ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட் புதிர்’ என்றே பெயர். ஜெர்மன்காரர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு, ஏனென்றால் அவர்களுடைய பேச்சு மொழியிலும் அந்த வடிவத்தோடு ‘நேற்று’ தாராளமாக வரும்.

திருத்தம் இரண்டில் ஒன்று. நேரம் முக்கியம் என்றால் ‘ஹேவ்’ போக வேண்டும்: ‘ஐ சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே’. கோப்பு உங்களிடம் வந்துவிட்டது என்பதே முக்கியம் என்றால் நேரம் போக வேண்டும்: ‘ஐ ஹேவ் சென்ட் த ஃபைல்’. இரண்டையும் சொல்லியே ஆக வேண்டும் என்றால் இரண்டு வாக்கியமாக்குங்கள். ஆங்கிலச் செய்திகளில் இந்த உத்தியைத் தினமும் பார்க்கலாம். முதல் வரி ‘த கவர்ன்மென்ட் ஹேஸ் அனவுன்ஸ்ட் எ நியூ ஸ்கீம்’ என்று செய்தியை இன்றைக்குக் கொண்டுவந்து வைக்கும். அடுத்த வரி ‘த மினிஸ்டர் மேட் த அனவுன்ஸ்மென்ட் ஆன் மன்டே’ என்று நாளுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வரும் விவரமெல்லாம் பெரும்பாலும் சிம்பிள் பாஸ்ட்தான்.

கேள்வியாக வரும்போது இதே கோளாறு ‘வென் ஹேவ் யூ கம்?’ என்று தலைகாட்டும். “எப்போது வந்திருக்கிறீர்கள்?” என்பதன் நிழல் அது. ‘வென்’ கேட்பதே நேரத்தைத்தான். எனவே ‘வென் டிட் யூ கம்?’

உங்கள் கணக்கில் பணம் இன்ன தேதியில் ‘ஹேஸ் பீன் கிரெடிட்டட்’ என்று வரும் குறுஞ்செய்தியைக் காட்டி, “வங்கியே இப்படி எழுதுகிறதே” என்று சிலர் கேட்பார்கள். இந்திய ஆங்கிலத்தில் இது வேர்விட்டுவிட்ட வழக்கம் என்பது உண்மை. ஆஸ்திரேலியப் பேச்சு ஆங்கிலத்திலும் சம்பவத்தை விவரிக்கும்போது ஹேவோடு நேரச்சொல் கலந்து வருவதுண்டு. ஊர் வழக்கை நான் குறை சொல்லவில்லை. தேர்வுத்தாளிலும், வெளிநாட்டு வாசகருக்குப் போகும் கட்டுரையிலும், வேலை விண்ணப்பத்திலும் மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மயக்கம் தரும் நேரச்சொற்கள் சில உண்டு. ‘லாஸ்ட் இயர்’ என்பது முடிந்துபோன ஆண்டு. அதோடு ‘ஹேவ்’ வராது. ‘இன் த லாஸ்ட் இயர்’ என்பது இன்றோடு முடிகிற பன்னிரண்டு மாதம்; அதன் ஒரு முனை இன்றைத் தொட்டுக்கொண்டிருப்பதால் ‘ஹேவ்’ வரும். ஒரு சிறு ‘இன் த’ காலத்தையே மாற்றிவிடுகிறது. ‘திஸ் மார்னிங்’ இன்னும் வேடிக்கையானது. காலை பத்து மணிக்குச் சொன்னால் ‘ஐ ஹேவ் ஹேட் டூ காஃபீஸ் திஸ் மார்னிங்’, மாலை நான்கு மணிக்குச் சொன்னால் ‘ஐ ஹேட் டூ காஃபீஸ் திஸ் மார்னிங்’. காபி அதேதான், காலை முடிந்துவிட்டது. ‘ரீசன்ட்லி’ இரண்டு பக்கமும் போகும், கவலை வேண்டாம்.

தேதி வெளிப்படையாக இல்லாவிட்டாலும் அது ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. ‘பாரதி ஹேஸ் லிவ்ட் இன் பாண்டிச்சேரி’ என்று எழுதினால், தேதியே இல்லையே, ஏன் தவறு? பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார், 1921இல் மறைந்தார். இன்று நின்று திரும்பிப் பார்த்து “அவர் வாழ்ந்திருக்கிறார்” என்று சொல்ல, ஆங்கிலத்தில் அவர் இன்றும் இருக்க வேண்டும். எனவே ‘லிவ்ட்’. ஆனால் ‘பாரதி ஹேஸ் இன்ஸ்பயர்ட் மெனி போயட்ஸ்’ என்பது சரி. அந்தத் தூண்டுதல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவர் இல்லை, அது இருக்கிறது. பாடப்புத்தகங்கள் பேசாமல் கடந்துபோகும் இடம் இது. மேல்நிலை ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறவர்களுக்கோ வாரத்துக்கு ஒரு முறையாவது தேவைப்படும்.

அறிகுறி: கடிதம் முழுக்க ‘ஹேட்’

‘ஐ ஹேட் சென்ட் யூ எ மெயில் லாஸ்ட் வீக்.’ ‘ஐ ஹேட் கான் டு மதுரை ஆன் சண்டே.’ ‘யூ ஹேட் ஆஸ்க்ட் ஃபார் த பில்.’

நம் அலுவலக ஆங்கிலத்தில் மிக அதிகமாகத் தென்படும் கோளாறு இதுதான். “போன வாரம் உங்களுக்கு ஒரு மடல் அனுப்பியிருந்தேன்” என்னும்போது தமிழில் ‘இருந்தேன்’ இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, செயலைச் சற்றுத் தள்ளிப் பின்னணியில் வைக்கிறது. இன்னொன்று, “பார்த்தீர்களா?” என்று கேட்காமல் கேட்கிறது. ‘அனுப்பினேன்’ என்பதை விட அது மென்மையானது, மேலதிகாரிக்கு ஏற்றது. அந்த மென்மையை ‘ஹேட்’ கொண்டுவரும் என்று எண்ணித்தான் அதைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஹேட்’டுக்கு அந்தக் குணம் கிடையாது. ‘ஐ ஹேட் சென்ட்’ என்று படித்ததும் ஆங்கில வாசகர் நிற்குமிடத்தைத் தேடுகிறார்: எதற்கு முன்னால் அனுப்பியிருந்தார்? அப்புறம் என்ன ஆயிற்று? அடுத்த வரியில் அதற்கு விடை இல்லை என்றால் கதையின் நடுப்பக்கம் கிழிந்துபோனது போல இருக்கும் அவருக்கு.

சோதனை எளிது. ‘ஹேட்’ போட்ட வாக்கியத்தின் பின்னால் “அதற்கும் முன்பே” என்று சொல்லிப் பாருங்கள். எதற்கு முன்பே என்று உங்கள் பத்தியிலேயே ஒரு இறந்தகால நிகழ்ச்சியைச் சுட்ட முடிந்தால் ‘ஹேட்’ நிற்கும். சுட்ட முடியாவிட்டால் சிம்பிள் பாஸ்ட் போதும்: ‘ஐ சென்ட் யூ எ மெயில் லாஸ்ட் வீக்’. மென்மை வேண்டுமென்றால் ஆங்கிலம் அதை வேறிடத்தில் வைத்திருக்கிறது: ‘ஐ வாஸ் வொன்டரிங் இஃப் யூ ஹேட் சீன் த மெயில் ஐ சென்ட் லாஸ்ட் வீக்’. இந்த வாக்கியத்தில் வரும் ‘ஹேட்’ சரியானது, ஏனென்றால் ‘வாஸ் வொன்டரிங்’ என்று நிற்குமிடம் ஏற்கெனவே இறந்தகாலத்துக்கு நகர்ந்துவிட்டது.

‘ஹேட்’ உண்மையிலேயே உயிர்நாடியாக இருக்கும் இடங்களும் உண்டு. ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்றால் தண்டவாளம் காலி. ரயிலை நான் பார்க்கவே இல்லை. ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் லெஃப்ட்’ என்றால் நான் நுழையவும் வண்டி கிளம்பவும் சரியாக இருந்தது. கடைசிப் பெட்டியின் முதுகையாவது பார்த்திருப்பேன். ‘வென்’ வரிசையைச் சொல்லாது. அந்த வேலை முழுவதையும் ‘ஹேட்’ சுமக்கிறது.

‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ வந்தால் வரிசை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எனவே ‘ஆஃப்டர் ஹி லெஃப்ட், ஐ கால்ட் ஹெர்’ என்றாலும் ‘ஆஃப்டர் ஹி ஹேட் லெஃப்ட்’ என்றாலும் தவறில்லை. “பிஃபோர், ஆஃப்டர் வந்தால் ஹேட் கட்டாயம்” என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வினாத்தாளுக்கு அது உதவும், எழுத்துக்கு உதவாது.

பழைய கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஹேட்’ போட்டுக்கொண்டே போவது இன்னொரு வகை. நல்ல ஆங்கில உரைநடையைக் கவனித்தால், பின்னோக்கிய பகுதியின் முதல் ஒன்றிரண்டு வினைகளில்தான் ‘ஹேட்’ இருக்கும். வாசகர் அந்தப் பழைய காலத்துக்குள் வந்து நின்றுவிட்டார் என்று தெரிந்ததும் எழுத்தாளர் சிம்பிள் பாஸ்டுக்கு மாறிவிடுவார். பகுதி முடியும்போது இன்னொரு ‘ஹேட்’, அல்லது ‘நவ்’ போன்ற ஒரு சொல், வாசகரைத் திரும்ப அழைத்துவரும். நடுவில் வரும் ‘ஹேட்’டுகளை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் எதுவும் குறையாது.

தேவையில்லாமல் நீக்கிவிடக் கூடாத ‘ஹேட்’ ஒன்று: ‘ஐ ஹேட் ஹோப்ட் டு கம்’. “வரலாம் என்றிருந்தேன்” (ஆனால் முடியவில்லை) என்பதற்கு அது நேர். ஹோப், இன்டென்ட், மீன், பிளான் போன்ற வினைகளோடு வரும் இந்த வடிவத்தில், நடக்காமல் போனது தானாகவே புரிந்துவிடும். தமிழ் இங்கே அப்படியே பொருந்துகிறது, தைரியமாகக் கடத்தலாம்.

அறிகுறி: ‘சின்ஸ்’ இருக்கிறது, ‘ஹேவ்’ இல்லை

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.’

ஒரே வாக்கியத்தில் இரண்டு கோளாறுகள். “ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்” என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்வதால் ‘ஆம் வொர்க்கிங்’ வந்துவிட்டது. தொடங்கியது அன்று, தொடர்வது இன்று என்றால் ஆங்கிலத்துக்குப் பெர்ஃபெக்ட் வேண்டும். அடுத்தது ‘சின்ஸ்’. அது தொடக்கப் புள்ளியைக் கேட்கும்: சின்ஸ் மன்டே, சின்ஸ் 2019. நீளத்தைச் சொன்னால் ‘ஃபார்’: ஃபார் ஃபைவ் இயர்ஸ். தமிழில் ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்று சொல்ல வருமிடத்தில் சின்ஸ், ‘ஐந்து வருடமாக’ என்று சொல்ல வருமிடத்தில் ஃபார். இந்த அளவுகோல் அநேகமாகத் தவறாது. ஆக, ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. ‘சின்ஸ் லாஸ்ட் டூ இயர்ஸ்’ என்று நம்மூரில் வழங்குவதை ‘ஃபார் த லாஸ்ட் டூ இயர்ஸ்’ என்றும், ‘வெயிட்டிங் ஃப்ரம் மார்னிங்’ என்பதை ‘சின்ஸ் த மார்னிங்’ என்றும் மாற்றுங்கள்.

இங்கே அவசரப்பட்டு ‘ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று திருத்திவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் வேலையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். நேர்காணலில் இப்படிச் சொன்னவரிடம் “ஏன் விலகினீர்கள்?” என்று அடுத்த கேள்வி வந்தால் வியப்பில்லை.

நோ (அறிதல்), பிலாங், ஓன் போன்று செயலை அல்லாமல் நிலையைச் சொல்லும் வினைகளில் ‘இங்’ வராது: ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’. ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’ என்பதையும் ‘ஹேவ் பீன் நோயிங்’ என்பதையும் மறந்துவிடலாம். “அவரைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது” என்பதற்கு ‘இட் இஸ் டூ இயர்ஸ் சின்ஸ் ஐ ஸா ஹிம்’ அல்லது ‘இட் ஹேஸ் பீன் டூ இயர்ஸ்’. சின்ஸுக்குப் பின்னால் வரும் வினை சிம்பிள் பாஸ்ட்.

அறிகுறி: ‘கான்’ போட்டால் கேட்பவர் குழம்புகிறார்

“அவர் டெல்லிக்குப் போயிருக்கிறார்.” இப்போது டெல்லியில் இருக்கிறாரா, என்றைக்கோ போய் வந்தவரா? தமிழில் சூழல் சொல்லும். ஆங்கிலம் சொல்லையே பிரித்துவிட்டது: அங்கேயே இருந்தால் ‘ஹேஸ் கான் டு டெல்லி’, போய்த் திரும்பியவர் என்றால் ‘ஹேஸ் பீன் டு டெல்லி’. எனவே எதிரே உட்கார்ந்துகொண்டு ‘ஐ ஹேவ் கான் டு டெல்லி’ என்று ஒருவர் சொல்வது ஏறக்குறைய முடியாத காரியம்.

அறிகுறி: எண்ணிக்கையும் ‘பீன் ரைட்டிங்’கும் ஒன்றாக வருகின்றன

‘ஐ ஹேவ் பீன் ரைட்டிங் த்ரீ லெட்டர்ஸ் டுடே’ என்பது இடிக்கிறது. எத்தனை என்று எண்ணிச் சொன்னால் முடிந்த கணக்கு, ‘ஐ ஹேவ் ரிட்டன் த்ரீ லெட்டர்ஸ்’. எவ்வளவு நேரம் என்று சொன்னால் நடந்துகொண்டிருந்த செயல், ‘ஐ ஹேவ் பீன் ரைட்டிங் லெட்டர்ஸ் ஆல் மார்னிங்’.

இரண்டும் இலக்கணப்படி சரியாக இருந்து பொருள் மட்டும் மாறும் இடங்கள்தான் சுவையானவை. டப்பாவைத் திறந்து பார்த்து ‘ஹூ ஹேஸ் பீன் ஈட்டிங் த முறுக்கு?’ என்றால் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கேட்பவருக்குச் சந்தேகம், கோபம் இல்லை. ‘ஹூ ஹேஸ் ஈட்டன் த முறுக்கு?’ என்றால் டப்பா காலி.

அறிகுறி: ‘ஃபர்ஸ்ட் டைம்’ அருகே நிகழ்காலம்

‘திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஆம் கமிங் ஹியர்.’ “முதல் முறையாக வருகிறேன்” என்பதன் நேர்ப்பெயர்ப்பு. ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் கம் ஹியர்’. முன்கதையாகச் சொன்னால் ‘இட் வாஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேட் கம்’. செகண்ட் டைம், த பெஸ்ட் ஃபிலிம் ஐ ஹேவ் எவர் சீன் எல்லாம் இதே குடும்பம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அறிகுறி: நீங்கள் எழுதியது சரி, அமெரிக்கர் திருத்துகிறார்

‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்று பிரிட்டிஷ் புத்தகத்தில் படித்தோம். அமெரிக்கர் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்கிறார். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் மூன்றோடும் அமெரிக்கப் பேச்சில் சிம்பிள் பாஸ்ட் இயல்பாக வரும். ‘ஐ ஆல்ரெடி ஸா இட்’ அங்கே குற்றமில்லை. உங்கள் வாசகர் யார் என்று பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் பிரிட்டிஷ் வடிவம் அமெரிக்காவிலும் செல்லுபடியாகும் என்பதால், ஐயம் வந்தால் அதுவே பாதுகாப்பு. சின்ஸ், ஃபார் இரண்டிலும் கடல் தாண்டினாலும் சலுகை கிடையாது.

அறிகுறி: ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘வில்’, அல்லது இரண்டு ‘வுட்’

‘பை த டைம் யூ வில் கம், ஐ வில் ஃபினிஷ்.’ வென், ஆஃப்டர், அன்டில், பை த டைம் ஆகியவற்றின் பின்னால் வருங்காலத்தைக் குறிக்க ‘வில்’ வராது. ‘பை த டைம் யூ கம், ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்.’ நீங்கள் வரும் நேரத்தில் போய் நின்று பார்க்கிறேன்; வேலை எனக்குப் பின்னால் கிடக்கிறது. “நீங்கள் வருவதற்குள் முடித்திருப்பேன்” என்பதில் ‘முடித்திருப்பேன்’ அதையேதான் சொல்கிறது. முடிந்த பிறகுதான் அடுத்தது என்று அழுத்த வேண்டுமானால் ‘ஐ வில் கால் யூ வென் ஐ ஹேவ் ஃபினிஷ்ட்’ என்று பிரசன்ட் பெர்ஃபெக்டே வருங்காலத்துக்கு வந்து நிற்கும்.

‘இருப்பேன்’ தமிழில் ஊகத்துக்கும் உதவுகிறது. “இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார்” என்பது உண்மையில் வருங்காலம் இல்லை. ஆங்கிலத்தில் ‘ஹி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்’ அல்லது ‘ஹி மஸ்ட் ஹேவ் ரீச்ட்’. இரண்டாவதில் ஏதோ தடயம் கையில் இருக்கிறது. பெரிய பொறி ‘வேண்டும்’ வரும்போதுதான். “அவர் வந்திருக்க வேண்டும்” என்றால், வராதவரைக் குறை சொல்வதாகவும் கொள்ளலாம், வாசலில் செருப்பைப் பார்த்து வந்துவிட்டார் என ஊகிப்பதாகவும் கொள்ளலாம். முன்னதற்கு ‘ஹி ஷுட் ஹேவ் கம்’, பின்னதற்கு ‘ஹி மஸ்ட் ஹேவ் கம்’. இதை மாற்றிப் போட்டால் பொருள் தலைகீழாகிவிடும், ஏனென்றால் ஒன்றில் அவர் வரவில்லை, மற்றொன்றில் வந்துவிட்டார். “வந்திருக்க வேண்டியதில்லை” என்பதில் மட்டும் நமக்கு வசதி: ‘யூ நீடன்ட் ஹேவ் கம்’, அதாவது வந்தாயிற்று, தேவையில்லாமல். ‘டிடன்ட் நீட் டு கம்’ என்றால் வந்தாரா இல்லையா என்பதை அந்தச் சொல் சொல்லாது.

“சொல்லியிருந்தால் வந்திருப்பேன்” என்பதற்கு ‘இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்’. தமிழ்ச் சொற்களின் அடுக்கும் ஆங்கிலத்தின் அடுக்கும் ஒன்றன் மேல் ஒன்று அப்படியே உட்காருகின்றன: இருந்தால், ஹேட், இருப்பேன், வுட் ஹேவ். ‘இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ’ என்பதை அமெரிக்கப் பேச்சில் கேட்டிருப்பீர்கள், எழுத்தில் வேண்டாம். பேச்சில் ‘வுட் அவ்’ என்று தேய்ந்து ஒலிப்பதை ‘வுட் ஆஃப்’ என்று எழுதிவிடும் பழக்கம் தாய்மொழிக்காரர்களிடம் உண்டு. அந்த ஒரு தவற்றை நாம் செய்வதே இல்லை என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அறிகுறி: ‘ஹேவிங்’ என்று தொடங்கும் வாக்கியம் ஆளை மாற்றிவிடுகிறது

‘ஹேவிங் போர்டட் த பஸ், த ரெயின் ஸ்டார்ட்டட்.’ மழை பஸ்ஸில் ஏறிவிட்டது! தமிழ் வினையெச்சத்தில் “மழை பெய்து குளம் நிறைந்தது” என்று ஒருவர் செயல் இன்னொருவர் செயலில் முடிய இடமுண்டு. ஆங்கில ‘ஹேவிங்’குக்கும் முதன்மை வினைக்கும் செய்கிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் ‘ஆஃப்டர் வீ போர்டட் த பஸ், த ரெயின் ஸ்டார்ட்டட்’ என்று பிரித்துவிடுங்கள். ஆள் ஒருவராகவே இருந்தாலும் ‘ஹேவிங்’ கொஞ்சம் கோட்டும் டையும் அணிந்த சொல். சாதாரண மின்னஞ்சலில் அது எனக்குப் பிடிப்பதில்லை.

எல்லாம் ஒன்றாக வந்தால்

இடமாற்றம் கேட்டு ஓர் ஆசிரியர் எழுதும் கடிதம் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

‘ஐ ஆம் வொர்க்கிங் இன் திஸ் ஸ்கூல் சின்ஸ் லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ். ஐ ஹேட் அப்ளைட் ஃபார் எ ட்ரான்ஸ்ஃபர் இன் மார்ச். ஐ ஹேவ் மெட் த ஆபீசர் ஆன் ஏப்ரல் 4 அண்ட் ஹி டோல்ட் மீ தட் ஹி ஃபார்வர்டட் இட். ஐ டிட் நாட் ரிசீவ் எனி ரிப்ளை டில் நவ். பை த டைம் த ஸ்கூல் வில் ரீஓபன், ஐ வில் கம்ப்ளீட் சிக்ஸ் இயர்ஸ் ஹியர்.’

முதல் வரி இன்று வரை தொடர்கிறது: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் திஸ் ஸ்கூல் ஃபார் த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’. இரண்டாவதில் ‘இன் மார்ச்’ இருக்கிறது, அதற்கும் முன்பே என்று சுட்ட எதுவும் இல்லை: ‘ஐ அப்ளைட்’. மூன்றாவதில் தேதி இருக்கிறது: ‘ஐ மெட்’. அதே வரியில் அதிகாரி சொன்னது ஏப்ரல் 4 அன்று, விண்ணப்பத்தை மேலே அனுப்பியது அதற்கும் முன்பு. கடிதம் முழுவதிலும் ‘ஹேட்’ வேண்டிய ஒரே இடம் இது, அங்கே மட்டும் அவர் போடவில்லை: ‘ஹி டோல்ட் மீ தட் ஹி ஹேட் ஃபார்வர்டட் இட்’. நான்காவது வரி ‘டிட் நாட் ரிசீவ்’ என்று கதவைச் சாத்திவிடுகிறது. அவரோ இன்னும் காத்திருக்கிறார்: ‘ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் எனி ரிப்ளை ஸோ ஃபார்’. கடைசியில் ‘பை த டைம் த ஸ்கூல் ரீஓபன்ஸ், ஐ வில் ஹேவ் கம்ப்ளீட்டட் சிக்ஸ் இயர்ஸ் ஹியர்’. பள்ளி திறக்கும் நாளில் ஆறாவது ஆண்டு ஏற்கெனவே முடிந்திருக்கும் என்பதை ‘வில் ஹேவ்’ சந்தேகமில்லாமல் சொல்லிவிடும். இடமாற்றத்துக்குப் பணிக்காலம் கணக்கில் வருமானால், அதிகாரியின் கண் நேராகப் போகும் வரி அதுதான்.